ஏப்பம் பிடிக்கும் டப்பா

மேட்டுச் சாலையின் கடைசி வளைவில் என் பிக்கப் திணறி நின்றபோது, பின்னால் வந்த செங்கல் லாரிக்காரன் ஹார்ன் அடிக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவன் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவனோ தலையை வெளியே நீட்டி, "பெரியவரே, பதறாதீங்க, மெதுவா எடுங்க" என்றான். செங்கல் லாரி பரிதாபப்படுகிற நிலைமைக்கு என் வண்டி வந்துவிட்டது.

வண்டியில் இருந்தது துணி. மேட்டின் உச்சியில் ஓர் ஆஸ்பத்திரி. அங்கே கட்டிலில் விரிக்கிற விரிப்பு, தலையணை உறை, டாக்டர்கள் மாட்டிக்கொள்ளும் பச்சை அங்கி எல்லாம் கீழே என் மகளின் சலவைக் கூடத்தில்தான் வெளுக்கிறது. வெளுத்ததை வெள்ளைப் பையில் கட்டி நான் மேலே கொண்டுபோவேன். அழுக்கை அவர்கள் நீலப் பையில் கட்டிக் கொடுப்பார்கள், கீழே கொண்டுவருவேன். வெள்ளை ஏறும், நீலம் இறங்கும். கூடத்தை மகள் நடத்துகிறாள், எந்திரங்களை மருமகன் பார்க்கிறார், வண்டி என்னுடையது. மருமகனுக்கு என் வண்டியின் மேல் எப்போதும் ஒரு கண். ஆசைக் கண் இல்லை, எப்போது தொலையும் என்கிற கண். பேச்சிலும் அது தெரியும். "மாமா வண்டி வந்துச்சா?", "மாமா வண்டி புகையுது" என்பாரே தவிர, ஒரு நாளும் "நம்ம வண்டி" என்று அவர் வாயில் வந்ததில்லை.

அன்றைக்கு உருட்டி உருட்டி மேலே சேர்த்துவிட்டு, இறங்கும்போது நேராக மெக்கானிக்கிடம் விட்டேன். அவனுக்கு முனகல் என்று பெயர். எதைச் சொன்னாலும் பாதியை வாய்க்குள்ளேயே மென்றுவிட்டு மிச்சத்தைத்தான் வெளியே விடுவான். அவன் பானட்டைத் திறந்து, என்ஜினுக்குக் காற்று போகிற குழாயைக் கழற்றி, என் முகத்துக்கு நேரே நீட்டினான். உள்ளே சுண்டுவிரல் நுழைகிற அளவுக்குத்தான் ஓட்டை மிச்சம். மற்றதெல்லாம் தார். அதை வைத்து எங்கள் தெருவுக்கு ரோடே போட்டுவிடலாம்.

ஏன் இப்படி என்று கேட்டேன். முனகினான். திருப்பிச் சொல் என்றேன். மறுபடியும் முனகினான். மூன்றாவது தடவையும் சொல்ல வைத்தேன். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். பொய் சொல்கிறவன் மூன்றாவது தடவை வேறு மாதிரி சொல்வான், அதற்காகத்தான்.

அவன் மூன்று தடவையும் ஒரே மாதிரிதான் சொன்னான். என்ஜினுக்கும் வயிறு உண்டு. மேலே வெடிக்கிற புகையில் கொஞ்சம் பிஸ்டன் ஓரமாகக் கசிந்து அந்த வயிற்றுக்குள் இறங்கும். அங்கே கொதித்துக் கிடக்கும் எண்ணெயின் ஆவியையும் அள்ளிக்கொண்டு வெளியே வரப் பார்க்கும். மனிதனாக இருந்தால் ஒரு ஏப்பத்தை விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பான். வண்டி செய்தவர்களோ அந்த ஏப்பம் தெருவில் போகக்கூடாது என்று ஒரு குழாய் போட்டு, என்ஜின் மூச்சு இழுக்கிற வழியிலேயே திருப்பி விட்டிருக்கிறார்கள். தன் ஏப்பத்தைத் தானே மூக்கால் இழுக்கிற பிழைப்பு. அந்த எண்ணெயும் புகைக்கரியும் சேர்ந்து படிந்து படிந்து தாராகிவிடுகிறது. மூக்கடைத்தவன் எப்படி மேடு ஏறுவான்?

தாரையெல்லாம் சுரண்டிக் கழுவி மாட்டினான். பிறகு, இப்படியே விட்டால் மறுபடியும் அடைக்கும், நடுவில் ஒரு கேட்ச் கேன் வைக்க வேண்டும் என்றான். ஏப்பம் அந்த டப்பாவுக்குள் நுழையும், எண்ணெய் உள்ளே தங்கிவிடும், வெறும் காற்று மட்டும் என்ஜினுக்குப் போகும், சேர்ந்த எண்ணெயை அவ்வப்போது அடியில் திறந்து கொட்டிவிட வேண்டும். சொல்லிவிட்டுத் தன் அலமாரியைக் காட்டினான். அங்கே கறுப்பாக, லட்சணமே இல்லாமல் ஒரு டப்பா. கழுத்தில் இரண்டு மூக்கு. மற்றபடி எல்லாப் பக்கமும் மூடியிருந்தது.

எனக்கு அங்கேதான் இடித்தது. வியாதியைக் கண்டுபிடித்தவனே மருந்தையும் அலமாரியில் தயாராக வைத்திருந்தால், அந்த வியாதியின் மேலேயே எனக்குச் சந்தேகம் வரும். அதோடு, எல்லாப் பக்கமும் மூடிய டப்பாவுக்குள் ஏப்பத்தை விட்டால் அது எந்த வழியாகப் போகும்? என்ஜின் அதை உறிஞ்சிக்கொள்ளும் என்றான். உறிஞ்சுவதை நீ பார்த்தாயா என்று கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஸ்பேனரைத் துடைக்கப் போய்விட்டான்.

கடைத்தெருவில் வண்டிச் சாமான் விற்கிறவன் ஒருவன் இருக்கிறான். மினுக்கு என்று கூப்பிடுவார்கள். அவன் கடையில் எல்லாம் மின்னும், அவன் பல் உட்பட. நான் கேட்டதும் ஒரு நீல டப்பாவை எடுத்துத் துடைத்து வைத்தான். பக்கவாட்டில் எண்ணெய் எவ்வளவு சேர்ந்தது என்று பார்க்கக் கண்ணாடிக் குழல். தலையில் காளான் மாதிரி ஒரு சின்ன வடிகட்டி. ஏப்பம் கீழே நுழைந்து, எண்ணெயை விட்டுவிட்டு, காளான் வழியாக வெளியே போய்விடுமாம். என்ஜின் மூக்குப் பக்கம் இருக்கும் பழைய ஓட்டையை ஒரு ரப்பர் மூடியால் அடைத்துவிட்டால் போதுமாம். எனக்கு அது பிடித்தது. நுழைகிற வழியும் தெரிகிறது, போகிற வழியும் தெரிகிறது. கண்ணுக்குத் தெரிந்ததை நம்பலாம் என்று நினைத்தேன். வாங்கி, அன்றைக்கே நானே மாட்டினேன்.

வண்டி மேட்டில் ஆடு மாதிரி ஏறியது. அதே கடைசி வளைவில் செங்கல் லாரி முக்கிக்கொண்டிருந்தது. நான் ஹார்ன் அடித்து, கையை ஆட்டி, தாண்டிப் போனேன். சாப்பிடும்போது மருமகனிடம் வண்டி எப்படி ஏறுகிறது தெரியுமா என்று ஆரம்பித்தேன். அவர் தட்டைப் பார்த்தபடியே தலையை ஆட்டினார். அந்த வாரம் முழுக்க எனக்குத் தரையில் கால் படவில்லை.

வாரக் கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, நீலப் பைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பையும் இறங்கி வந்தது.

வெளுத்த துணி திரும்பி வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். பையைத் திருப்பிக் கொடுத்தது ஆஸ்பத்திரியின் பெரிய நர்ஸ். அறுவை முடிந்து படுத்திருந்த ஓர் அம்மாவுக்கு அந்தத் தலையணை உறையை முகர்ந்ததும் குமட்டிவிட்டதாம். துணி சுத்தம்தான், ஆனால் வண்டி எண்ணெய் வாடை அடிக்கிறது என்றார். இன்னொரு பை இப்படி வந்தால் வேறு சலவைக்காரர்களைப் பார்த்துக்கொள்வோம் என்றும் சொல்லி அனுப்பினார்.

மகள் பையை அவிழ்த்து ஒரு விரிப்பை எடுத்து முகத்தோடு வைத்துக்கொண்டாள். அவள் மூக்கு லேசுப்பட்ட மூக்கு இல்லை. எந்த எந்திரத்தில் எந்த சோப்பில் வெளுத்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டாமல் விரிப்புகளை ஒவ்வொன்றாக எந்திரத்துக்குள் போட ஆரம்பித்தாள்.

மருமகன்தான் பேசினார். அவருக்குத் தெரிந்த ஒருவரிடம் நாலு பக்கமும் அடைத்த வேன் இருக்கிறது, மாதக் கணக்கில் பேசிக்கொள்ளலாம், மாமா வண்டியை விற்றுவிடலாம் என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

"எனக்கு இன்னும் ஒரு நடை கொடு" என்று நான் மகளைத்தான் கேட்டேன்.

அவள் எந்திரத்தின் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். "ஒரே ஒரு நடைப்பா. அதுல ஒரு வெள்ளைப் பை திரும்பி வந்தாலும் வேன்தான். வண்டியை வித்துடுவோம். நீங்க வீட்டுல இருங்க."

வீட்டில் இருப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். என்னோடு பஸ் ஓட்டிய ஒருவன் இப்படித்தான் வீட்டில் இருக்கிறான். எந்த வீட்டுக் குழாயில் எப்போது தண்ணீர் வருகிறது, எதிர் வீட்டுக்காரர் எத்தனை தடவை தும்முகிறார் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். நான் போனால் அதைத்தான் சொல்கிறான். எனக்கு ஸ்டியரிங் வேண்டும். மேடு வேண்டும். செங்கல் லாரிக்காரன் வேண்டும்.

வாடை எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரிய வேண்டும். வண்டியை முற்றத்தில் நிறுத்தி என்ஜினை ஓடவிட்டு பானட்டைத் திறந்தேன். கிழிந்த தலையணை உறை ஒன்றை நனைத்து ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்தேன். டீசல் குழாய்ப் பக்கம் ஒன்றும் இல்லை. எண்ணெய் ஊற்றுகிற மூடிப் பக்கம் ஒன்றும் இல்லை. நீல டப்பாவின் காளான் மேல் வைத்தேன். ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதித்துவிட்டு வந்து எடுத்துப் பார்த்தால், உறையில் வட்டமாக ஒரு பழுப்புக் கறை. முகர்ந்தேன். அந்த நோயாளி அம்மாவுக்குக் குமட்டியது சரிதான்.

நான்தான் காசு கொடுத்து வாங்கி வந்து, என்ஜினின் ஏப்பத்தை வெள்ளைத் துணிமேல் விட்டிருக்கிறேன். மேட்டில் வண்டி மெதுவாக ஏறும்போது அந்த ஆவி அடி வழியாகப் பின்னால் போய், பின்தட்டின் இடுக்கில் புகுந்து, துணி ஏற்றுகிற கூண்டுக்குள் ஏறிவிடும். துணியோ இஸ்திரிச் சூடு ஆறாமல் இருக்கும். சூட்டுத் துணி வாடையைத் தண்ணீர் மாதிரி குடிக்கும். இது சலவைக் கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்குத்தான் தோன்றவில்லை.

ஆக, மூடிய டப்பாதான் வேண்டும். ஆனால் முனகலிடம் போக எனக்கு முகம் இல்லை. மினுக்கிடமே போனேன், ஸ்பேனரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு. மூடிய டப்பா இருக்கிறதா என்றேன். இல்லாமலா என்று சிவப்பில் ஒன்றை எடுத்து வைத்தான். நான் ஸ்பேனரை எடுத்தேன்.

"என்ன பண்றீங்க?" என்றான்.

"உள்ளே பாக்கணும்."

"உள்ளே பாக்க என்ன இருக்கு?"

"அதைத்தான் பாக்கணும்."

திறந்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. பளபளவென்று வெறும் டப்பா, ஊறுகாய் போட்டு வைக்கலாம். காற்று ஒரு மூக்கில் நுழைந்து, மறு மூக்கில் நலமா என்று கேட்டுவிட்டுப் போய்விடும். எண்ணெய் எதில் மோதித் தங்கும்? அது காற்று சுழல்வதற்கான இடம் என்று மினுக்கு சொன்னான். இன்னொன்றை எடு என்றேன். அதையும் திறந்தேன், காலி. அடுத்தது தங்க நிறத்தில் இருந்தது. அதுவும் காலி. விளக்கு வாங்க வந்தவர்கள் இரண்டு பேர் வாங்காமல் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒருவர், "போன மாசம் நான் ஒண்ணு வாங்கினேனே" என்று மெதுவாகச் சொன்னார். மினுக்கின் பல் அன்றைக்கு முதல் தடவையாக உள்ளே போனது. கல்லா மேல் மூடி வேறு டப்பா வேறாகப் பரப்பிவிட்டு நான் கிளம்பினேன்.

வேறு வழி இல்லை. முனகலிடம் போனேன். அவன் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தான். என் செருப்பைப் பார்த்ததுமே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. சறுக்கி வெளியே வந்து, கையைத் துடைத்து, அலமாரியிலிருந்து கறுப்பு டப்பாவை எடுத்து நீட்டினான்.

"நான் அப்பவே..." என்றான். மிச்சத்தை மென்றுவிட்டான். நல்ல வேளை. அதையும் சொல்லியிருந்தால் டப்பாவை அவன் தலையிலேயே கவிழ்த்திருப்பேன்.

அவன் எதிரிலேயே திறந்து பார்த்தேன். நடுவில் ஓட்டை போட்ட தகடு, அதற்குக் கீழே நெருக்கமாகச் சுருட்டிய எஃகு வலை. வாயை வைத்து ஊதிப் பார்த்தேன். தாராளமாகப் போனது. என் மூச்சுக்கே அடைக்கிற டப்பாவாக இருந்தால் என்ஜினின் வயிற்றில் காற்று சேர்ந்து எண்ணெய் பார்க்கிற குச்சியையே துப்பிவிடும். இது அடைக்கவில்லை. சரி என்று வாங்கிக்கொண்டேன். நம்பினேனா என்றால், இல்லை.

கூடத்துக்கு வந்து மகளின் நீராவி இஸ்திரியைக் கேட்டேன். ஏன் என்றாள். சொன்னேன். இஸ்திரிக் குழாயைக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்தால் கண்ணாடி உடனே மூடிப்போகும். அதே நீராவியை டப்பாவின் ஒரு மூக்கில் விட்டு, மறு மூக்கில் கண்ணாடியைப் பிடித்தேன். லேசாக ஒரு புகைதான் படிந்தது. கவிழ்த்தால் அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மூக்கை மாற்றி விட்டுப் பார்த்தேன், கண்ணாடி பாதி மூடியது. ஆக, ஏப்பம் நுழைய வேண்டியது முதல் மூக்கு.

மகள் எட்டிப் பார்த்தாள். "எது உள்ளே, எது வெளியேன்னு அதுலயே எழுதியிருக்கேப்பா."

"எழுதினவனை எனக்குத் தெரியாது" என்றேன்.

வெள்ளைப் பை வந்ததற்குப் பிறகு அவள் அப்போதுதான் சிரித்தாள்.

எங்கே மாட்டுவது என்று பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றேன். என்ஜின் மேலேயே போல்ட் போட்டால் ஆட்டத்தில் கழன்றுவிடும். டர்போ பக்கம் வைத்தால் சூட்டில் எண்ணெய் மறுபடியும் ஆவியாகும். பாட்டரிக்குப் பக்கத்தில் வண்டியின் உடம்புத் தகட்டில் ஓர் இடம் இருந்தது. ஆட்டம் இல்லை, சூடு இல்லை, அடியில் கையை விட்டு எண்ணெயைத் திறந்து கொட்டவும் முடியும். செத்துப்போன சலவை எந்திரத்தின் கால் ஒன்று மூலையில் கிடந்தது. அதை அறுத்து, ஓட்டை போட்டு, பிராக்கெட் செய்து டப்பாவை இறுக்கினேன். கையால் பிடித்து உலுக்கினேன். வண்டிதான் ஆடியது, டப்பா ஆடவில்லை.

குழாய்க்கு எங்கே போவது? கூடத்தில் குழாய்க்கா பஞ்சம்? சலவை எந்திரத்து ரப்பர் குழாய் ஒன்று அளவும் சரியாக இருந்தது. வெட்டப் போனேன்.

"மாமா, அது வேண்டாம்" என்றார் பின்னால் மருமகன்.

அவர் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. ஏன் வேண்டாம் என்று விறைப்பாகக் கேட்டேன். அவர் உள்ளே போய் ஒரு பழைய டின்னை எடுத்து வந்தார். உள்ளே என்ஜின் எண்ணெய், அதில் அதே குழாயின் ஒரு துண்டு. வெளியே எடுத்து விரலால் அமுக்கிக் காட்டினார். ஊறிப்போன ரொட்டி மாதிரி நசுங்கியது.

"நேத்தே போட்டு வெச்சேன். ஆயிலைச் சூடு பண்ணித்தான் போட்டேன். நீங்க இந்தக் குழாயைத்தான் எடுப்பீங்கன்னு தெரியும். இது தண்ணிக் குழாய் மாமா, எண்ணெய் பட்டா ஊதிடும். மேட்டுல பிச்சுக்கிட்டா மறுபடியும் வாடைதான்."

"நான் பண்றது ஊத்திக்கிட்டா உங்களுக்கு நல்லதுதானே?" என்றேன். "வேன் வந்துடும்."

"வந்துடும்" என்றார். "ஆனா பையும் திரும்பி வருமே."

அந்த நிமிஷத்தில் எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்துப்போனது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் சாப்பிட்டும், இவருக்கும் எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்ப மனசு வராது என்று எனக்குத் தெரியவில்லை. முனகலிடம் அவரே போய் எண்ணெய் தாங்கும் குழாயும் கிளாம்ப்களும் வாங்கி வந்தார். குழாய் மாட்டுவதில் அவர் கை என் கையைவிட நல்ல கை, நாள் பூராவும் அதுதானே வேலை. குழாய் நடுவில் தொங்கினால் அங்கேயே எண்ணெய் தேங்கும் என்று அளந்து, வளைத்து, சரிவாக இறக்கினார். நான் என்ஜின் மூக்குப் பக்கம் அடைத்திருந்த ரப்பர் மூடியைப் பிடுங்கி எறிந்தேன். டப்பாவின் இரண்டாவது மூக்கு அங்கே போய்ச் சேர்ந்தது. நீல டப்பாவையும் அதன் காளானையும் குப்பையில் போட்டேன்.

கசிவு பார்க்க மகள் ஒரு வாளியில் சோப்பு நுரை கொண்டுவந்தாள். ஒவ்வொரு மூட்டிலும் தடவினோம். என்ஜினை முடுக்கினேன். ஒரு கிளாம்ப்பில் மட்டும் சின்னதாக நுரை குமிழ் விட்டது. மருமகன் அரைச் சுற்று முறுக்கினார். குமிழ் நின்றது. எண்ணெய்க் குச்சி துள்ளுகிறதா என்று பார்த்தேன். அது தன் இடத்தில் அடக்கமாக உட்கார்ந்திருந்தது. முனகல் சொன்ன உறிஞ்சலையும் பார்த்துவிட வேண்டுமே. என்ஜின் ஓடும்போதே இரண்டாவது குழாயை டப்பாவிலிருந்து கழற்றி, அதன் வாயில் உள்ளங்கையை வைத்தேன். சப்பென்று கையை இழுத்தது. முனகல் பொய் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் வெள்ளைப் பைகளை ஏற்றினோம். இஸ்திரிச் சூடு ஆறட்டுமா என்று மகள் கேட்டாள். வேண்டாம், சூடாகவே ஏற்று என்றேன். சோதனை என்றால் முழுச் சோதனையாக இருக்கட்டும். மருமகன் வந்து பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். ரோடு எப்படி இருக்கிறது என்று பார்க்கவாம்.

மேட்டில் கியரை மாற்றினேன். வண்டி இழுத்தது. வளைவுக்கு வளைவு இழுத்தது. கண்ணாடியில் பார்த்தேன், பின்னால் புகை இல்லை. கடைசி வளைவுக்கு முன்னால் செங்கல் லாரி. தாண்டும்போது ஹார்ன் அடிக்கக் கையை எடுத்துவிட்டு, அடிக்காமல் விட்டேன். பதிலாக ஜன்னலில் தலையை நீட்டி, "பதறாதீங்க, மெதுவா எடுங்க" என்றேன். மருமகனுக்குப் புரியவில்லை. நான் அடக்க முடியாமல் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார்.

ஆஸ்பத்திரிப் பின்வாசலில் பெரிய நர்ஸ் தயாராக நின்றிருந்தார். பக்கத்தில் இன்னொரு நர்ஸ். அந்தப் பெண்ணுக்கு மூக்கு இன்னும் கூர்மையாம், அதற்காகக் கூப்பிட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொரு பையையும் நான் இறக்கி வைக்க, பெரிய நர்ஸ் அவிழ்த்து ஒரு விரிப்பை உருவி முகத்தில் வைத்து, அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். அவள் முகர்ந்து, சரி என்று தலையை ஆட்டுவாள். அடுத்த பை. டாக்டர் கையில் ரத்தச் சோதனைக் காகிதத்தைக் கொடுத்துவிட்டு நிற்பது மாதிரி நாங்கள் நின்றோம்.

கடைசிப் பையில் அந்தப் பெண் நிறுத்தினாள். பையின் கழுத்தை மறுபடியும் முகர்ந்தாள். "இதுல இருக்கு சிஸ்டர்" என்றாள்.

பெரிய நர்ஸ் வாங்கி முகர்ந்தார். அவர் முகமும் மாறியது. அந்த வெள்ளைப் பையைத் திருப்பி என்னிடம் நீட்டினார்.

நான் கையை நீட்டவில்லை. அந்தப் பையில் வாடை அடிக்க எனக்குத் தெரிந்து காரணமே இல்லை. டப்பாவைத் திறந்து பார்த்திருக்கிறேன், நீராவி விட்டிருக்கிறேன், நுரை தடவியிருக்கிறேன். இத்தனைக்கும் பிறகு இந்தப் பை மட்டும் ஏன்? "உள்ளே இருக்கிற துணியை மோந்து பாருங்க" என்றேன். "கழுத்தை விட்டுட்டு, அடியில இருக்கிறதை எடுங்க."

அந்தப் பெண் கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு தலையணை உறையை உருவினாள். முகர்ந்தாள். இன்னொன்றை உருவினாள். பெரிய நர்ஸைப் பார்த்தாள். "துணியில இல்ல."

மருமகன் அதற்குள் என் வலது கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். "சிஸ்டர், அது மாமா கை. காலையில கிளம்பும்போதும் டப்பாவைத் தடவிப் பாத்துட்டுத்தான் வந்தார். கடைசிப் பையை மட்டும் கழுத்தைப் பிடிச்சு இழுத்து இறக்கினார்."

பெரிய நர்ஸ் குனிந்து என் கையை முகர்ந்தார். என் வயசுக்கு என் கையை யாரும் அப்படி முகர்ந்ததில்லை. நிமிர்ந்து, குழாயடியைக் காட்டினார். "அங்க சோப்பு இருக்கு. முழங்கை வரைக்கும் கழுவுங்க. இனிமே பையைத் தொடறதுக்கு முன்னாடி தினமும் கழுவணும்."

தினமும் என்றார். நான் இரண்டு தடவை கழுவினேன். வந்து பார்த்தால் வெள்ளைப் பைகள் எல்லாம் உள்ளே போய்விட்டன. வாசலில் நீலம் மட்டும் அடுக்கியிருந்தது.

இறக்கத்தில் மருமகன், டப்பாவை எப்போது திறந்து கொட்ட வேண்டும் என்று கேட்டார். வாரம் ஒரு தடவை பார்க்கலாம் என்றேன். தானே பார்ப்பதாகச் சொன்னார். இரண்டு பேரும் பார்க்கலாம் என்றேன். ஒருவர் மட்டும் பார்த்தால் எப்படி நம்புவது?

மகள் கூடத்து வாசலில் நின்றிருந்தாள். எந்திரங்கள் ஓடுகிற நேரத்தில் அவள் வெளியே நிற்க மாட்டாள். வண்டி நின்றதும் எங்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் நேராகப் பின்னால் போய்க் கூண்டுக் கதவைத் திறந்தாள். ஒரு நீலப் பையை நகர்த்தினாள். அதற்குப் பின்னால் இருந்ததையும் நகர்த்தினாள். கடைசி வரைக்கும் நகர்த்திப் பார்த்துவிட்டுத்தான் நின்றாள். அவளும் என் மகள்தானே. எல்லாம் நீலம்.

"கையை ஏன் இப்படிச் சிவக்கச் சிவக்கத் தேச்சு வெச்சிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

நான் ஒரு கண்ணாடித் தம்ளரை எடுத்து வந்து, பாட்டரிப் பக்கம் கையை விட்டு டப்பாவின் அடியைத் திறந்தேன். ஒரே ஒரு நடைதான் போய் வந்திருக்கிறோம். தம்ளரின் அடியில் காப்பி வண்டல் மாதிரி கறுப்பும் பழுப்புமாகத் துளித் துளியாக வந்து படிந்தது. இது இத்தனை காலமும் என்ஜின் மூக்குக்குள் போனது. நடுவில் ஒரு வாரம் நோயாளிகள் மூக்குக்கும் போனது. இப்போது என் தம்ளரில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போய் இஸ்திரி மேசையின் நடுவில் வைத்தேன்.

"அப்பா, அந்தக் கண்ராவியை வெள்ளைத் துணிக்குப் பக்கத்துல வைக்காதீங்க" என்றாள் மகள்.

நகர்த்தி வைத்தேன். ஆனால் எல்லோர் கண்ணிலும் படுகிற இடமாகப் பார்த்துத்தான் நகர்த்தினேன்.

மருமகனின் போன் அடித்தது. வேன்காரன். எப்போது வந்து பேசலாம் என்று கேட்டிருப்பான். மருமகன் தம்ளரைப் பார்த்தார், முற்றத்தில் நின்ற பிக்கப்பைப் பார்த்தார்.

"இல்லீங்க, வேண்டாம்" என்றார். "நம்ம வண்டி இருக்கு."

நான் காதில் விழாதது மாதிரி நீலப் பைகளை இறக்கப் போனேன். அந்த டப்பாவை நான் இன்னும் நம்பவில்லை. வாரம் தவறாமல் திறந்து பார்க்கிறேன். ஒரு தடவைகூட அது என்னை வெறும் தம்ளரோடு அனுப்பியதில்லை.